மயக்க மருந்தும் மழலையின் மூளையும்

(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாக வகுக்கிறது. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து அம்மருந்தை ஊட்டுபவர் என்பன அந்நான்கும். நோயுற்றவர் கைக்குழந்தையாயின் நான்காம் உறுப்பின் பொறுப்பு இருமடங்காகிறது. குழந்தைக்குத் தன் வலியை எடுத்துரைக்கத் தெரியாது. தனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தேரவும் இயலாது. அதன்பொருட்டு எண்ணுபவரும் அஞ்சுபவரும் இசைவுப் படிவத்தில் கையெழுத்திடுபவரும் பெற்றோரே ஆவர்.

அந்த அச்சங்களுள் ஒன்றே இவ்வுரையின் பொருள். ராசிபுரத்திலோ, திருச்செங்கோட்டிலோ, ஆத்தூரிலோ ஓர் இல்லத்தில் ஒரு வயதுக் குழந்தைக்கு அறுவை மருத்துவம் தேவை என்று மருத்துவர் கூறியதும் எழுகின்ற முதல் வினா பெரும்பாலும் அறுவையைப் பற்றியதாக இருப்பதில்லை. "இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்தால் மூளை மந்தமாகிவிடுமாமே?" என்பதே அவ்வினா. பாட்டி கேட்கிறார், கைப்பேசியில் ஏதோ படித்த தாய்மாமன் அதனை வழிமொழிகிறார், "மூன்று வயது முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இல்லத்தில் முடிவாகிறது. மருத்துவரின் சீட்டு அலமாரிக்குள் சென்றுவிடுகிறது.

இவ்வினாவை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. உலகின் பெரிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளுள் ஒன்றாகிய அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமே 2016ஆம் ஆண்டு திசம்பரில் இதுபற்றி எச்சரிக்கை விடுத்துள்ளது. ஆனால் வினா சரியாக இருப்பதனாலேயே இல்லத்தில் எடுக்கப்பட்ட முடிவும் சரியாகிவிடாது. அந்த எச்சரிக்கை யாருக்கு, எவ்வளவுக்கு, எக்காலத்திற்கு என்பதை அறிந்த பின்னரே முடிவெடுத்தல் வேண்டும்.

மயக்கம் என்னும் சொல்

தமிழில் மயங்குதல் என்பதற்குக் கலத்தல் என்றும் ஒரு பொருள் உண்டு. இலக்கணத்தில் மெய்ம்மயக்கம் என்றும் திணைமயக்கம் என்றும் வருவன அப்பொருளிலேயே வருகின்றன. அறிவு தெளிவிழந்து நிற்றல் என்பது பிறிதொரு பொருள். மருத்துவத்தில் சொல்லப்படும் மயக்கம் இவ்விரண்டினும் வேறானது, உறக்கத்தினும் வேறானது. உறங்குகின்ற குழந்தையைக் கிள்ளினால் அது விழித்து அழும். முழு மயக்கத்தில் இருக்கும் குழந்தையின் உடலில் கத்தி பட்டாலும் அது உணராது. மூளைநரம்புகளுக்கு இடையிலான செய்திப் போக்குவரத்து தற்காலிகமாக அடக்கப்பட்டிருப்பதே காரணம்.

1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஈதர் என்னும் ஆவியைக் கொடுத்து, வலியற்ற அறுவையைப் பலர் முன்னிலையில் நிகழச் செய்தார். அடுத்த ஆண்டிலேயே அம்முறை கல்கத்தாவை எட்டியது. அவ்வாண்டே எடின்பரோவில் குளோரோஃபார்ம் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னர் அறுவை என்றால் நால்வர் பிடித்துக்கொள்ள, நோயாளி அலற அலற நிகழ்வதாகவே இருந்தது.

இன்று குழந்தைகளுக்குப் பயன்படும் மருந்துகள் பல. சீவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன் போன்றவை மூச்சின் வழியே செல்கின்றன. புரோப்போஃபால், கெட்டமின், மிடசோலம் போன்றவை பெரும்பாலும் ஊசி வழியே செல்கின்றன. மூளையில் அடக்கும் செய்தியைக் கடத்தும் 'காபா' ஏற்பிகளை இவற்றுள் பெரும்பாலானவை வலுப்படுத்துகின்றன. கெட்டமின் போன்றவை தூண்டும் செய்தியை ஏற்கும் 'என்.எம்.டி.ஏ.' ஏற்பிகளைத் தடுக்கின்றன. வழி எதுவாயினும் விளைவு ஒன்றே: நரம்புகள் சிறிது நேரம் மௌனமாகின்றன.

ஐயம் எழுந்த வரலாறு

வளர்ந்தவரின் மூளை கட்டி முடிந்த வீட்டைப் போன்றது. அங்கே சிறிது நேரம் விளக்கை அணைத்தால் தீங்கில்லை. குழந்தையின் மூளையோ கட்டுமானம் நடந்துகொண்டிருக்கும் வீடு. பிறக்கும்போது அதன் எடை வளர்ந்தவர் மூளையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு; இரண்டு வயது நிறைவதற்குள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்காகிவிடுகிறது. இக்காலத்தில் நரம்புகளுக்கு இடையே எண்ணிறந்த இணைப்புகள் தோன்றுகின்றன. செய்தி பெற்று இயங்கும் நரம்புகள் நிலைக்கின்றன. செய்தி பெறாதவை தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. இத்தன்னழிவு ஓரளவுக்கு இயற்கையானதே. அப்படியாயின், செய்தி அனைத்தையும் மருந்தால் நிறுத்தி வைத்தால், அழியக் கூடாத நரம்புகளும் அழியுமா? ஆய்வாளர்களின் ஐயம் இங்கிருந்தே பிறந்தது.

1999ஆம் ஆண்டு, என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தடுத்தால் எலிக்குட்டிகளின் மூளைநரம்புகள் மிகுதியாக அழிகின்றன என்று ஜான் ஓல்னி உள்ளிட்ட ஆய்வாளர்கள் கண்டனர். 2003இல் வெஸ்னா ஜெவ்டோவிக்-டோடோரோவிக் என்பவரும் குழுவினரும், பிறந்து ஏழு நாளான எலிக்குட்டிகளுக்கு மிடசோலம், நைட்ரஸ் ஆக்சைடு, ஐசோஃப்ளூரேன் மூன்றையும் சேர்த்து ஆறு மணி நேரம் கொடுத்தனர். நரம்புகள் அழிந்தன. அக்குட்டிகள் வளர்ந்த பின்னர்க் கற்றலிலும் பின்தங்கின. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து சில நாள்களே ஆன குரங்குக் குட்டிகளுக்கு 24 மணி நேரம் தொடர்ந்து கெட்டமின் செலுத்தப்பட்டிருந்தது. அவையும் பின்னாளில் கற்றல் சோதனைகளில் தாழ்ந்தே நின்றன.

வாயற்ற உயிர்கள் பல மாண்டு கிடைத்த அறிவு இது. அதனைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் விடுவது அவ்வுயிர்களுக்கும் செய்யும் குற்றமே ஆகும். இவ்வாய்வுகளைப் படிப்பவர் இரண்டு செய்திகளைக் கருத வேண்டும். ஒன்று, எலியின் வளர்ச்சி மிக விரைவானது. அதன் ஆறு மணி நேரத்தை மனிதக் குழந்தையின் ஆறு மணி நேரத்தோடு ஒப்பிட முடியாது. மற்றொன்று, அறுவைக் கூடத்தில் ஒரு குழந்தையின் மூச்சும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உடல் வெப்பமும் நொடிதோறும் கண்காணிக்கப்படுவதுபோல ஓர் எலிக்குட்டியைக் கண்காணிப்பது அரிது. ஆகவே விலங்காய்வு ஐயத்தை எழுப்புமேயன்றி மனிதக் குழந்தையைப் பற்றி முடிவு கூறாது.

குழந்தைகளிடம் கண்டது

மனிதக் குழந்தைகளைப் பற்றிய தொடக்க ஆய்வுகள் பழைய பதிவேடுகளைக் கொண்டு செய்யப்பட்டவை. 2009இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார், நான்கு வயதுக்கு முன் மயக்க மருந்து பெற்ற குழந்தைகளின் பள்ளிக் கல்வியை ஆராய்ந்தனர். ஒருமுறை மட்டும் பெற்றவரிடம் வேறுபாடு தெரியவில்லை. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை பெற்றவரிடம் கற்றல் குறைபாடு மிகுந்திருந்தது. ஆயினும் பலமுறை அறுவை தேவைப்படும் குழந்தை இயல்பாகவே நோய் மிகுந்த குழந்தையன்றோ? குறைபாட்டுக்குக் காரணம் மருந்தா, நோயா என்பதை அவ்வாய்வால் பிரித்தறிய முடியவில்லை.

அதே ஆண்டு நெதர்லாந்தில் 1,143 இணை ஒருகரு இரட்டையரைக் கொண்டு நடந்த ஆய்வு இம்முடிச்சை ஓரளவு அவிழ்த்தது. இரட்டையருள் ஒருவர் மட்டும் மயக்க மருந்து பெற்று மற்றவர் பெறாத இணைகளில், இருவரும் கல்வியில் ஒரே நிலையிலேயே இருந்தனர். 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 105 இணை உடன்பிறந்தாரை ஒப்பிட்டது. மூன்று வயதுக்கு முன் குடலிறக்க அறுவைக்காக ஒருமுறை மயக்க மருந்து பெற்றவரின் சராசரி நுண்ணறிவு எண் 111. பெறாத உடன்பிறந்தாரின் எண்ணும் 111.

இவற்றினும் உறுதியான சான்று 'காஸ்' என்னும் ஆய்விலிருந்து கிடைத்தது. ஆஸ்திரேலியா, இத்தாலி, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, நெதர்லாந்து, நியூசிலாந்து ஆகிய ஏழு நாடுகளின் 28 மருத்துவமனைகளில், குடலிறக்க அறுவைக்கு வந்த 722 கைக்குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டனர். யாருக்கு எம்முறை என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவு செய்தனர். ஒரு பிரிவுக்கு விழித்த நிலையிலேயே உடலின் கீழ்ப்பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி. மற்றொரு பிரிவுக்குச் சீவோஃப்ளூரேன் முழு மயக்கம். மயக்கம் நீடித்த இடைநிலைக் காலம் 54 நிமிடம். ஐந்து வயதில் சோதித்தபோது முதற்பிரிவின் சராசரி நுண்ணறிவு எண் 99.08, இரண்டாம் பிரிவின் எண் 98.97. வேறுபாடு இல்லை என்றே கூறலாம். இம்முடிவு 2019இல் லான்செட் இதழில் வெளியாயிற்று.

நீண்ட அறுவையும் பல அறுவையும் பற்றி இவ்வளவு தெளிவு இன்னும் பிறக்கவில்லை. 2018இல் மேயோ நிலையத்தார் 997 குழந்தைகளை நேரில் வரவழைத்துச் சோதித்தனர். பலமுறை மயக்க மருந்து பெற்றவரிடமும் நுண்ணறிவு எண் குறையவில்லை. ஆயினும் கைவிரல்களின் நுண்செயலிலும் செய்தியை விரைந்து கையாள்வதிலும் சிறிய தளர்ச்சி தென்பட்டது. படிப்பிலும் நடத்தையிலும் இடர்ப்பாடு இருப்பதாக அவர்களின் பெற்றோர் மிகுதியாகத் தெரிவித்தனர்.

எச்சரிக்கையின் சொற்களை இப்போது ஊன்றிப் படிக்கலாம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், கருவுற்று இறுதி மூன்று மாதங்களில் இருக்கும் தாய்மார்க்கும், மூன்று மணி நேரத்திற்கு மேலாகவோ பலமுறையோ மயக்க மருந்து கொடுத்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படக் கூடும் என்பதே அது. ஒருமுறை, குறுகிய நேரம் பெறுவதால் தீங்கு நேர வாய்ப்பில்லை என்று அதே அறிக்கை கூறுகிறது. மருத்துவத் தேவையுள்ள அறுவையைத் தள்ளிப்போடவோ தவிர்க்கவோ கூடாது என்றும் அந்நிர்வாகம் 2017இல் தெளிவுபடுத்தியது. முதல் வாக்கியம் ஊர் முழுவதும் பரவியது; பின்னவை பரவவில்லை.

வலியும் ஒரு தீங்கே

மருந்தே இல்லாமல் அறுவை செய்தால் மூளை காக்கப்படுமா என்று சிலர் நினைக்கலாம். அதுவும் முன்னர் நடந்ததே. 1980கள் வரை, பச்சிளங்குழந்தையின் நரம்புகள் முதிராதவை, ஆகவே அதற்கு வலி தெரியாது என்ற கருத்து மருத்துவ உலகில் பரவலாக இருந்தது. உடலை அசையாமல் நிறுத்தும் மருந்து மட்டும் கொடுத்து, வலி நீக்கும் மருந்து போதிய அளவு கொடுக்காமலே பல அறுவைகள் நடந்தன.

இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டுக்குச் சென்ற கன்வல்ஜீத் சிங் ஆனந்த் என்னும் இந்திய மருத்துவர் அக்கருத்தை உடைத்தார். குறைமாதக் குழந்தைகளுக்கு இதய இரத்தக்குழாய் அறுவை செய்யும்போது ஒரு பிரிவுக்கு ஃபென்டனில் என்னும் வலிநீக்கியையும் சேர்த்துக் கொடுத்து ஒப்பிட்டார். அது பெறாத குழந்தைகளின் உடல் பெரும் அதிர்ச்சிக்கு உள்ளானது. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் அவர்களுக்கே மிகுதியாக நேர்ந்தன. 1987இல் வெளியான அவருடைய ஆய்வு, குழந்தை அறுவை மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. அழத் தெரியாத உயிருக்கும் வலி உண்டு. அவ்வலி உடலைச் சிதைக்கும். ஆகவே மயக்க மருந்தை நீக்குவது குழந்தையைக் காப்பது ஆகாது.

காலம் என்னும் மூன்றாம் அளவு

மருத்துவம் செய்பவர் நோயாளியின் தாங்கும் திறம், நோயின் தன்மை, ஏற்ற காலம் என்னும் மூன்றையும் எடைபோட வேண்டும் என்று அதே 'மருந்து' அதிகாரம் கூறுகிறது. மயக்க மருந்தைப் பற்றிய இன்றைய அறிவும் இம்மூன்றில்தான் வந்து நிற்கிறது: குழந்தையின் வயது எவ்வளவு, அறுவைக்கு எவ்வளவு நேரம் தேவை, காத்திருந்தால் என்ன இழப்பு? முதல் இரண்டையும் கேட்கும் குடும்பங்கள் மூன்றாவதைக் கேட்க மறந்துவிடுகின்றன.

சில இடங்களில் காத்திருப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. நாமக்கல், சேலம் சமவெளியின் மானாவாரி நிலங்களில் நிலக்கடலை விளைகிறது. அறுவடைக் காலத்தில் வீட்டு முற்றங்களில் அது காய்கிறது. ஒன்றிரண்டு வயதுக் குழந்தை பருப்பொன்றை வாயில் போட்டு, சிரிக்கும்போதோ அழும்போதோ அது மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும். திடீர் இருமல், பின்னர் ஓயாத இழுப்பு. கடலைப்பருப்பு எக்ஸ்ரே படத்தில் தெரியாது; ஆகவே சளி என்று எண்ணி நாள்களைக் கடத்துவோர் உண்டு. முழு மயக்கத்தில் மூச்சுக்குழலுக்குள் கருவியைச் செலுத்தி அதனை எடுப்பதே வழி. அங்கே மூளையைக் காப்பது மயக்க மருந்தைத் தவிர்ப்பதன்று. மூச்சு அடைபடாமல் காப்பதே. உயிர்க்காற்று சில நிமிடம் தடைப்பட்டாலும் மூளைக்கு நேரும் கேட்டில் எவ்வித ஐயமும் இல்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக்கடலையைக் கொடுக்காதிருப்பது இவற்றுள் எல்லாம் எளிய காப்பு.

கவட்டுப் பகுதியில் தோன்றும் குடலிறக்கமும் கைக்குழந்தைகளிடம் காத்திருக்கக் கூடாத ஒன்று. இறங்கிய குடல் நெரிபட்டால் அப்பகுதி அழுகிவிடும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய அறுவை, நள்ளிரவில் நெடுநேர அறுவையாக மாறும். மூளைக்கு அஞ்சித் தள்ளிப்போட்டவரே நீண்ட மயக்கத்துக்குக் குழந்தையை ஆளாக்கியவராவார்.

இவற்றினும் நுட்பமானது பிறவிச் செவிடு. உறவுக்குள் மணம் புரியும் வழக்கம் நெடுங்காலமாகப் பரவியுள்ள தமிழகத்தில் இக்குறை குறிப்பிடத்தக்க அளவில் காணப்படுகிறது. கேட்புக்கருவியால் பயன் பெறாத குழந்தைக்குக் காக்ளியர் இம்பிளான்ட் எனப்படும் செயற்கைச் செவிக்கருவியை உள்ளே பொருத்துவர். தமிழக அரசின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், தகுதியுள்ள குடும்பங்களில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதனைக் கட்டணமின்றிச் செய்கிறது. அறுவைக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். எச்சரிக்கை குறிக்கும் வயதும் நேரமும் ஏறத்தாழ இதற்குப் பொருந்துகின்றன. அதற்காக மூன்று வயது முடியட்டும் என்று காத்திருக்கலாமா? ஒலியை மொழியாகப் பிரித்தறியும் ஆற்றல் மூளையில் அமைவது முதல் மூன்று, மூன்றரை ஆண்டுகளில்தான். அக்காலத்தில் ஒலியே பெறாத மூளைப்பகுதி வேறு பணிக்குத் திரும்பிவிடும். பின்னர்க் கருவி பொருத்தினாலும் பேச்சு முழுமையாக வாய்ப்பது கடினம். ஒருபுறம் மருந்தால் நேரக்கூடிய, அளவு தெரியாத சிறு ஐயம். மறுபுறம் தாமதத்தால் உறுதியாக நேரும் மொழியிழப்பு. தராசு எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் இவ்வாறே. உதட்டைச் சில மாதங்களிலும், அண்ணத்தைப் பேச்சு மலரும் முன்னர் ஒன்று ஒன்றரை வயதுக்குள்ளும் சீராக்குவது வழக்கம். பல அறுவைகள் தேவைப்படும் இத்தகைய குழந்தைகளின் பெற்றோர், இரண்டு செயல்களை ஒரே மயக்கத்தில் முடிக்க இயலுமா என்று மருத்துவரிடம் கேட்பது பயனுடையது.

காத்திருக்கத் தக்கவையும் உண்டு. தொப்புளில் தோன்றும் குடலிறக்கம் பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். கைக்குழந்தையின் விரைப்பையில் நீர் கோத்தலும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் பெரும்பாலும் வற்றிவிடும். தோற்றத்துக்காக மட்டும் செய்யும் திருத்தங்களை மருத்துவர் இசைந்தால் மூன்று வயதுக்குப் பின்னர் வைத்துக்கொள்ளலாம். ஸ்கேன் படத்திற்காக மட்டும் மயக்கம் கொடுக்கும் நிலையில், அப்படம் இப்போதே தேவையா, மயக்கமின்றி எடுக்கும் வேறு படம் போதுமா என்று கேட்கலாம். சில மாதக் குழந்தையாயின் வயிறாரப் பாலூட்டித் துணியில் சுற்றி, இயல்பான உறக்கத்திலேயே எடுப்பதும் உண்டு.

உடனிருப்பவர் கடமை

மூளை வளர்ச்சியைப் பற்றிய நெடுங்கால ஐயத்தில் மூழ்கும் குடும்பங்கள், அறுவை நாளன்று தம் கையிலேயே இருக்கும் காப்புகளை விட்டுவிடுகின்றன. அவற்றை வரிசையாகக் கூறலாம்.

முதலாவது, வெறும் வயிறு. திட உணவும் பசும்பாலும் மாவுப்பாலும் ஆறு மணி நேரத்திற்கு முன்பும், தாய்ப்பால் நான்கு மணி நேரத்திற்கு முன்பும் நிறுத்தப்பட வேண்டும். தெளிந்த நீரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்திற்கு முன்பு வரை தரலாம். மருத்துவமனை கூறும் கணக்கே இறுதியானது. குழந்தை அழுகிறதே என்று மனமிரங்கிப் பாட்டி மறைவாக ஊட்டும் ஒரு பிஸ்கட், மயக்கத்தில் எதிர்த்து வந்து நுரையீரலுக்குள் சென்று உயிருக்கே கேடாகலாம். நோன்பின் ஒழுங்கை அறிந்த குடும்பங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஊட்டிவிட்டிருந்தால் அதனை மறைக்காமல் கூறுவதே அறம். அறுவை சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவே.

இரண்டாவது, சளியும் காய்ச்சலும். இவை இருக்கும்போது மயக்கத்தில் மூச்சுக்குழல் சுருங்கும் இடர் மிகுதி. அவசரமற்ற அறுவையாயின் மருத்துவர் சில வாரம் தள்ளிவைப்பார். பேருந்தில் இவ்வளவு தொலைவு வந்துவிட்டோமே என்று சளியை மறைத்தல் ஆகாது.

மூன்றாவது, குடும்ப வரலாறு. தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணம் புரியும் சிறு சமூகங்களில் சில பரம்பரைக் குறைகள் திரண்டு நிற்கும். ஆரிய வைசியரிடையே, தசைத் தளர்த்தி மருந்தொன்றைச் சிதைக்கும் நொதியின் குறைபாடு மிகுதி என்பதைக் கோவை ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். அக்குறை உடையவருக்குச் சில நிமிடங்களில் தெளிய வேண்டிய தசைகள் தெளியச் சில மணி நேரம் ஆகும். முன்பே தெரிந்தால் வேறு மருந்து இருக்கிறது. குடும்பத்தில் யாருக்கேனும் மயக்கத்திற்குப் பின் மூச்சு வரத் தாமதமானதா, கடுங்காய்ச்சல் கண்டதா, காரணம் தெரியாமல் யாரேனும் அறுவைக் கூடத்தில் இறந்ததுண்டா என்பதை முதியோரிடம் கேட்டறிந்து மயக்க மருத்துவரிடம் கூற வேண்டும்.

நான்காவது, புலால் உண்ணாக் குடும்பங்களுக்கே உரிய செய்தி. வைட்டமின் பி12 தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை. பால், தயிர், மோர் ஆகியவற்றிலிருந்தே சைவ உணவினர் அதனைப் பெறுகின்றனர். தாய்க்கு அது குறைந்திருந்து, குழந்தை நெடுநாள் தாய்ப்பாலை மட்டுமே உண்டு வளர்ந்தால் குழந்தைக்கும் குறையும். நைட்ரஸ் ஆக்சைடு என்னும் மயக்க வாயு, உடலில் உள்ள பி12ஐச் செயலிழக்கச் செய்யும் இயல்புடையது. பி12 போதிய அளவில் உள்ளவருக்குச் சிறிது நேரம் இவ்வாயுவைக் கொடுப்பதால் இடரில்லை. ஏற்கெனவே கடுமையான குறைபாடு உடையவருக்கு நரம்புத் தளர்ச்சி நேர்ந்ததாக மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உள்ளன. இதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. உணவு முறையை மாற்றவும் வேண்டுவதில்லை. "எங்கள் வீட்டில் தலைமுறைகளாகப் புலாலும் முட்டையும் இல்லை, குழந்தை வெளிறியும் சோர்ந்தும் இருக்கிறது" என்று ஒரு சொல் கூறினால் போதும். மருத்துவர் இரத்தம் சோதித்துக் குறையை நிறைவு செய்வார். அல்லது அவ்வாயுவை விடுத்து வேறு மருந்தைத் தேர்வார். கருவுற்ற நாளிலேயே தாய் தன் பி12 அளவைச் சோதித்துக்கொள்வது அதனினும் சிறந்தது.

ஐந்தாவது, கேட்க வேண்டிய வினாக்கள். மயக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கும்? இவ்வறுவை காத்திருக்கலாமா, காத்திருந்தால் என்ன ஆகும்? மரத்துப்போகும் ஊசியையும் உடன் சேர்த்து முழு மயக்க மருந்தின் அளவைக் குறைக்கலாமா? சிறு குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மருத்துவர் இருக்கிறாரா? இவற்றைப் பணிவோடு கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் சினம் கொள்ளார். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நெடுங்காலமாக இயங்குகிறது. நாமக்கல்லிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. வினாக்களோடு சென்று மருத்துவரைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டிய காலம் இப்போது இல்லை.

இரண்டு நிறைவுச் சொற்கள்

நீண்ட அறுவையோ பல அறுவையோ ஏற்கெனவே முடிந்துவிட்ட குழந்தைகளின் பெற்றோரும் இவ்வுரையைக் கேட்டிருக்கக் கூடும். அவர்கள் தம்மை நொந்துகொள்ள வேண்டுவதில்லை. தேவையான நேரத்தில் தேவையானதைச் செய்தவர்கள் அவர்கள். ஆய்வுகள் கண்ட வேறுபாடுகளும் சிறியவையே. குழந்தை பேசுவதிலோ, எழுதுகோலைப் பிடிப்பதிலோ, பாடத்தில் மனம் ஊன்றுவதிலோ பின்தங்கினால் அதனை முன்னரே கவனித்து உதவி பெற்றால் போதும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் வரும் மருத்துவக் குழுவினர், பிறவிக் குறைகளோடு வளர்ச்சித் தாமதத்தையும் கண்டறிந்து உரிய மையத்துக்கு அனுப்புகின்றனர். இச்சேவையைக் கேட்டுப் பெறலாம்.

மூளையின் மீது இவ்வளவு அக்கறை கொள்ளும் இல்லங்கள் மற்றொன்றையும் எண்ணுதல் நன்று. 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டவர் இரத்தசோகை உடையவர். இரும்புச்சத்துக் குறைவு வளரும் மூளையைத் தளர்த்தும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. ஒரு மணி நேர மயக்கத்துக்கு அஞ்சும் வீடு, ஓராண்டாகக் கேழ்வரகும் பயறும் கீரையும் இன்றிக் கடைத் தின்பண்டத்தில் வளரும் குழந்தையைக் கண்டு அஞ்சுவதில்லை. பேச்சுக் கொடுக்காமல் கைப்பேசியைக் கையில் கொடுத்து அமர்த்துவதற்கும் அஞ்சுவதில்லை.

உயிர்க்கு இரங்குதல் என்பது கண்ணீர் விடுவதோடு முடிவதன்று. எது தீங்கு, எது நன்மை என்று ஆராய்ந்து, தீங்கு குறைந்த வழியைத் தேர்ந்து, அவ்வழியில் துணிந்து நிற்றலும் அதனுள் அடங்கும். அலமாரிக்குள் வைக்கப்பட்ட மருத்துவச் சீட்டு எவ்வீட்டிலேனும் இருக்குமாயின், அவ்வீட்டார் நாளையே அதனை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்வாராக. காத்திருக்கலாம் என்று அவர் கூறினால் மனநிறைவோடு திரும்பலாம். இப்போதே வேண்டும் என்று கூறினால் அச்சமின்றி இசைவு தரலாம்.